அடித்தட்டு லாகர்: கையில காசு இறுக்கமா இருக்கற நேரத்துக்கான ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வரேன். பீர் அலமாரில கண்ணுக்கு நேரா இருக்கற தட்டுல கலர் கலரா லேபிள் போட்ட கிராஃப்ட் பீரா (சின்ன ஆலைங்க பண்றது) நிக்கும், குனிஞ்சு பாத்தா அடித்தட்டுல எந்தப் பகட்டும் இல்லாம கேனா அடுக்கி வெச்சிருப்பாங்க பாருங்க, அந்த அடித்தட்டு லாகரப் பத்திதான் இந்த ரிவ்யூ. லாகர்னா குளிர்ல நிதானமா புளிக்க வெச்சு எடுக்கற பீர் வகை. சம்பளம் கொறஞ்சுபோச்சு, வேலை நிலைக்குமான்னு தெரியல, வாடகையும் கடன் வட்டியும் மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு, இந்த நேரத்துல பீரையே விட்டுடணுமா இல்ல மலிவான பீருக்கு மாறிக்கலாமா, மாறுனா குடிக்கற மாதிரி இருக்குமான்னு யோசிக்கறவங்களுக்காக எழுதறேன். என் பதில் என்னன்னா, தாராளமா மாறலாம். நல்லா பண்ண மலிவு லாகர் ஒண்ணும் மட்டமான சரக்கு இல்ல. ஆனா விலை எதனால கொறையுதுன்னு தெரிஞ்சு வாங்கணும், ஏன்னா அந்தக் காரணங்கள்ல சிலது ருசியத் தொடவே தொடாது, சிலது ருசியயே காலி பண்ணிடும்.

முதல்ல சரக்குக்குள்ள என்ன இருக்குன்னு பாப்போம். பீருன்னா மால்ட் ஆக்குன (அதாவது முளைக்க வெச்சுக் காயவெச்ச) பார்லி, கசப்பும் வாசமும் குடுக்கற ஹாப்ஸ்ங்கற பூ, சர்க்கரைய ஆல்கஹாலா மாத்தற ஈஸ்ட், தண்ணி. மலிவு லாகர்ல பார்லியோட ஒரு பங்க எடுத்துட்டு அந்த எடத்துல மக்காச்சோளமோ அரிசியோ இல்ல அதுலேருந்து எடுத்த சிரப்போ போடுவாங்க. இதக் கேட்டதும் “ஆஹா கலப்படம்”னு ஒரு கூட்டம் கிளம்பிடும், எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல. அமெரிக்காவுல 19ஆம் நூற்றாண்டுல ஜெர்மனி, பொஹீமியா (இப்போ செக் நாட்டுல இருக்கு) பக்கத்துலேருந்து குடியேறுன ப்ரூவருங்க, அதாவது பீர் காய்ச்சறவங்க, ஊர்ல பண்ண மாதிரியே வெளிர் லாகர் பண்ணப் பாத்தாங்க, ஆனா அங்க வெளைஞ்ச, கதிர்ல ஆறு வரிசையா மணி நிக்கற பார்லில புரோட்டீன் அதிகம், பீர் கலங்கிப்போகும், வாயில ஒரு மாதிரி கரகரன்னு நிக்கும். அந்த பார்லில இன்னொரு நல்ல குணமும் இருந்துச்சு, மாவுச்சத்த சர்க்கரையா மாத்தற என்சைம் அதுல தாராளம், அதனால கூட கொஞ்சம் சோளத்தையோ அரிசியையோ போட்டாலும் அதையும் சேத்து கரைச்சிடும். சோளம் போட்டா புரோட்டீன் நீர்த்துப்போய் பீர் பளிச்சுன்னு தெளிஞ்சுது. பொஹீமியாவுலேருந்து போன ஆன்டன் ஷ்வார்ட்ஸ்னு ஒரு நிபுணர் இந்த முறைய பத்திரிகைல எழுதி எழுதிப் பரப்புனார். 1876ல வந்த அமெரிக்க பட்வைசர்ல அரிசி போட்டாங்க, அப்போ அது மலிவுக்காக இல்ல, தெளிவுக்காகவும் லேசான குணத்துக்காகவும்தான். ஆக, சோளமும் அரிசியும் வந்தது காசு மிச்சம் பிடிக்க மட்டும்னு சொல்றது தப்பு. பின்னாடி வந்தவங்க அத காசு மிச்சம் பிடிக்கவும் பயன்படுத்திக்கிட்டாங்க, அதுவும் நெசம்தான்.

இன்னொரு விஷயம் பெரிய ஆலைங்க எல்லாம் பண்றது, வெளிய அதிகம் பேசமாட்டாங்க. பீர தேவையானதவிட கெட்டியா, ஆல்கஹால் அதிகமா வர்ற மாதிரி காய்ச்சிப் புளிக்க வெச்சு, கடைசில ஆக்சிஜன் நீக்குன தண்ணி சேத்து 4.5, 5 சதவீதத்துக்குக் கொண்டுவருவாங்க. அதே டேங்க்ல அதிக பீர் கிடைக்கும், கரண்ட் செலவு கொறையும். “தண்ணி கலக்கறான்”னு கோவம் வரலாம், ஆனா பீர்ல எப்டியும் 90 சதவீதத்துக்கு மேல தண்ணிதான், முன்னாடி சேத்தா என்ன பின்னாடி சேத்தா என்ன. ஒழுங்கா பண்ணா நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. ருசி அடிவாங்கறது வேற எடத்துல, அதாவது டைம்ல. லாகர் நிதானமா வளர வேண்டிய பீரு. குளிர்ல, சுமார் 8லேருந்து 13 டிகிரில புளிக்கணும், அப்புறம் கிட்டத்தட்ட உறையற குளிர்ல வாரக்கணக்குல சும்மா கிடக்கணும். அந்த நாள்ல டேங்க் வேற எதையும் பண்ணாது, டேங்க் சும்மா கிடந்தா காசு. அவசரப்பட்டு எறக்குன லாகர்ல பச்சை ஆப்பிள் வாசம் அடிக்கும், அது அசிட்டால்டிஹைட், ஈஸ்ட் தன் வேலைய முடிக்கறதுக்குள்ள தூக்கிட்டாங்கன்னு அர்த்தம். வெண்ணெய் வாசம் வந்தா டயாசிட்டில், அதுக்கும் பெரும்பாலும் அதே காரணம்தான். வேகவெச்ச சோள வாசம் வந்தா டைமெத்தில் சல்ஃபைட், அது சோளம் போட்டதால வர்றதில்ல, மால்ட்லேருந்தே வர்றது, நல்லா திறந்து கொதிக்க வெச்சா ஆவியோட போயிடும். மலிவு பீர் வாங்கி மோந்து பாக்கறப்போ இந்த மூணும் இல்லன்னா அந்த ஆலைக்காரன் வேலைய ஒழுங்கா பண்ணியிருக்கான்னு நம்பலாம். நான் எந்தப் புது கேனைத் திறந்தாலும் முதல் வாய்க்கு முன்னாடி இதத்தான் தேடறேன்.

இதுல ஒண்ண மனசார பாராட்டணும். வெளிர் லாகர்ல ஒளிஞ்சுக்க எடமே கிடையாது. ஐபிஏங்கற பீர் வகைல சின்னதா ஒரு கோளாறு இருந்தா அள்ளிக் கொட்டுன ஹாப்ஸ் அத மறைச்சிடும், ஸ்டவுட்ங்கற கருப்பு பீர்ல வறுத்த மால்ட் மறைச்சிடும். கசப்ப அளக்கற ஐபியூ கணக்குல வெறும் 10ஐ ஒட்டி இருக்கற ஒரு பீர்ல துளி தப்பு நடந்தாலும் அப்டியே மூக்குல அடிக்கும். ப்ரூவர்ங்க கிட்ட கேட்டா பண்றதுக்குக் கஷ்டமானது இந்த வெறுமையான லாகர்தான்னு சொல்றவங்க நிறைய பேரு. அத லட்சக்கணக்கான கேன்ல, வருஷம் பூரா, பல ஊரு ஆலைல பண்ணியும் ஒரே ருசில கொண்டுவர்றான்னா அது சாதாரண கைவேலை இல்ல. டென்வர்ல நடக்கற கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவல்ல அமெரிக்க லாகர் பிரிவுகள்ல பாப்ஸ்ட் ப்ளூ ரிப்பன், ஓல்டு மில்வாக்கிங்கற மலிவு பிராண்டுங்களும் மெடல் வாங்குனதுங்கதான், ஜட்ஜுங்க பேர் தெரியாமத்தான் ருசி பாக்கறாங்க.

பேர் தெரியாம ருசி பாக்கறதுன்னு சொன்னதும் இத சொல்லியே ஆகணும். 1964ல ஆலிசன், உல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்ங்க ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, 326 பீர் குடிக்கறவங்களுக்கு முதல்ல லேபிள் இல்லாத பாட்டில் குடுத்தாங்க, அவங்கவங்க வழக்கமா குடிக்கற பிராண்டும் அதுக்குள்ள இருந்துச்சு. எது தன் பிராண்டுன்னு பெரும்பாலும் யாராலயும் கண்டுபிடிக்க முடியல, மார்க்கும் எல்லாத்துக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அப்புறம் லேபிளோட குடுத்தாங்க, உடனே மார்க் ஏறுச்சு, அதுவும் தன் பிராண்டுக்கு தனியா ஏறுச்சு. 2014ல ஐரோப்பிய லாகர் மூணு வெச்சு இன்னொரு ஆராய்ச்சி, மூணு கிளாஸ்ல ரெண்டு ஒரே பீரு, ஒண்ணு வேற, வேற எதுன்னு சொல்லணும். குத்துமதிப்பா சொன்னாலே வர்ற அளவுக்குத்தான் சரியா சொன்னாங்க. லாகர் எல்லாம் ஒண்ணுதான்னு நான் சொல்ல வரல, கசப்பான செக் பில்ஸ்னரையும் அமெரிக்க லைட் பீரையும் யாராலயும் குழப்பிக்க முடியாது. ஒரே வகைக்குள்ள ரெண்டு மடங்கு காசு குடுத்து வாங்கறப்போ அதுல பெரும்பகுதி பேருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரத்துக்கும்தான் போகுது, அததான் சொல்றேன். பணம் இருக்கற காலத்துல அதுவும் ஒரு சந்தோஷம், குடுத்துட்டுப் போகலாம். இல்லாத காலத்துல முதல்ல வெட்ட வேண்டியது அந்த செலவுதான்.

இதுக்கு நான் எப்பவும் காட்டற உதாரணம் ஜெர்மனியோட ஓட்டிங்கர்ங்கற மலிவு பீர் பிராண்ட். 1516ல பவேரியால போட்ட தூய்மைச் சட்டத்தோட வழில வந்த விதிகள் இன்னைக்கும் அங்க இருக்கறதால சோளம் அரிசின்னு எதையும் கலக்க முடியாது, அங்க காய்ச்சி அங்கயே விக்கற மலிவு லாகர்ல கூட முழுக்க பார்லி மால்ட்தான். அப்போ எப்டி மலிவா குடுக்கறான்? விளம்பரமே பண்ணல, நடுவுல மொத்த வியாபாரி இல்லாம தன் லாரிலயே கடைக்குக் கொண்டுபோய் எறக்குனான், அவ்ளோதான். அப்டியே பல வருஷம் அந்த நாட்டுலயே அதிகம் வித்த பீரா இருந்துச்சு. நான் சொல்றது அதோட பில்ஸ், அதாவது கசப்பு கொஞ்சம் தூக்கலான வெளிர் லாகர்: ஆல்கஹால் 4.7 சதவீதம், சுத்தமான ரொட்டி வாசம், நடுத்தரமான கசப்பு, முடிவுல நாக்கு காய்ஞ்சு அடுத்த வாய் கேக்கும். உயிரக் குடுத்து வர்ணிக்கற அளவுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா குறைன்னு சொல்லவும் ஒண்ணும் இல்ல. மலிவுக்கு இதவிட நேர்மையான காரணம் எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல.

இப்போ அமெரிக்கப் பக்கம். மில்லர் ஹை லைஃப், 1903லேருந்து வர்றது, பீர்களோட ஷாம்பெயின்னு தன்ன சொல்லிக்கும், 4.6 சதவீதம். நான் கிளாஸ்ல ஊத்தி வெளிச்சத்துக்கு நேரா வெச்சுப் பாத்தேன், வைக்கோல் மஞ்சள்ல ஒரு துளி கலங்கல் இல்லாம பின்னாடி இருக்கறது அப்டியே தெரியுது, அடிலேருந்து பொடிப் பொடியா குமிழ் கோடு போட்டு ஏறிக்கிட்டே இருக்கு, நுரை வெள்ளையா ரெண்டு விரல் உயரம் நிக்குது, சீக்கிரமே தணிஞ்சு ஓரத்துல ஒரு வளையமா ஒட்டிக்கும். மூக்குக்கு லேசா இனிப்பான தானிய வாசம், ரொம்பக் கவனிச்சா ஒரு பழ வாசம். வாயில முதல்ல வர்றது காஸோட சுருக்கு, அப்புறம் மெல்லிசா ஒரு இனிப்பு, கசப்பு வந்தும் வராமலும் போயிடும். இந்த காஸ்தான் இங்க ஹீரோ, மத்த மலிவு லாகர விட இது துள்ளலா இருக்கறதால தண்ணியா தெரியல. அந்த ஷாம்பெயின் பேரால 2023ல ஒரு கூத்தும் நடந்துச்சு, ஜெர்மனிக்குப் போக வேண்டிய 2,352 கேன பெல்ஜியம் கஸ்டம்ஸ் பிடிச்சு வெச்சு நசுக்கிட்டாங்க, ஷாம்பெயின்ங்கற பேரு பிரான்ஸ்ல அந்தப் பகுதில பண்ற ஒயினுக்கு மட்டும்தான் சொந்தம்னு. சட்டப்படி சரியா இருக்கலாம், நல்ல பீரு வீணாப்போனது எனக்கு வருத்தம்தான்.

பாப்ஸ்ட் ப்ளூ ரிப்பன் இன்னும் கொஞ்சம் தடிமன், தானிய ருசி ஒரு படி கூட, கசப்பும் கொஞ்சம் கூட. 1882லேருந்து பாட்டில் கழுத்துல நெசமாவே நீல பட்டு ரிப்பன் கட்டி வித்துக்கிட்டிருந்தாங்க, பேரு அங்கேருந்து வந்ததுதான். 2008 பொருளாதாரச் சரிவுக்கு அப்புறம் அமெரிக்காவுல பெரிய பெரிய பிராண்ட் எல்லாம் படுத்தப்போ இதோட விற்பனை ஏறுச்சு. அதுக்கு முன்னாடியே இளவட்டங்க நடுவுல அது பரவ ஆரம்பிச்சாச்சு, சரிவு வந்ததும் மலிவா இருக்கறது தலைகுனிவு இல்லன்னு ஆயிடுச்சு. நேச்சுரல் லைட்ட நான் இந்த வரிசைல கடைசில வெப்பேன், 1977லேருந்து இருக்கு, 4.2 சதவீதம், வெயில்ல உழைச்சுட்டு வந்து தாகத்துக்குக் குடிக்க ஓகே, உக்காந்து ரசிக்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

இப்போ இந்த ரிவ்யூலயே எனக்கு முக்கியமான இடத்துக்கு வரேன். மலிவு பீர் மோசமா இருக்குன்னு சொல்றவங்கள்ல முக்கால்வாசிப் பேரு குடிச்சது மோசமா பண்ண பீரு இல்ல, மோசமா வெச்சிருந்த பீரு. வெளிச்சம் பட்டா பீருக்கு என்ன ஆகும்னு தெரியணும். ஹாப்ஸ்ல இருக்கற கசப்புப் பொருள், பீர்ல இருக்கற ரைபோஃப்ளேவின்ங்கற வைட்டமின், கந்தகம் இருக்கற சில புரோட்டீன் துண்டுகள், இந்த மூணும் வெளிச்சம் பட்டதும் வினை புரிஞ்சு எம்பிடின்னு ஒரு பொருள உண்டாக்கும், அதோட வாசம் மூக்கச் சுளிக்க வைக்கற அழுகல் கந்தக நாத்தம், லட்சம் கோடில சில பங்கு இருந்தாலே மனுஷ மூக்குக்குத் தெரிஞ்சிடும். நேர் வெயில்ல இது நடக்க சில நிமிஷம் போதும். பிரவுன் பாட்டில் அந்த வெளிச்சத்த பெரும்பாலும் தடுத்துடும், பச்சை பாட்டில் அரைகுறை, நிறமே இல்லாத வெள்ளை கண்ணாடி கிட்டத்தட்ட தடுக்கவே தடுக்காது. அப்போ வெள்ளைப் பாட்டில்ல வர்ற மில்லர் எப்டி தாங்குது? அதுல ஹாப்ஸ அப்டியே போடாம வெளிச்சத்துக்கு உடையாத மாதிரி மாத்துன ஹாப் எக்ஸ்ட்ராக்ட் போடறாங்க. மத்த வெள்ளை, பச்சை பாட்டில்லாம் ட்யூப்லைட் அடியில நாள்கணக்குல நின்னிருந்தா அத எடுக்காதீங்க, எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும். பக்கத்துல அதவிட மலிவா ஒரு கேன் இருக்கும், கேன்குள்ள ஒரு பொட்டு வெளிச்சம் போகாது, அதுதான் நல்ல பீரு அன்னைக்கு.

அடுத்த எதிரி சூடும் வயசும். சூடான குடோன்ல மாசக்கணக்குல கிடந்த லாகர்ல ஈரமான அட்டைப்பெட்டி வாசம் வரும், ஆக்சிஜனோட வேலை அது, சூடு ஏற ஏற வேகமா நடக்கும். ஒயின் மாதிரி வெச்சு வெச்சு நல்லாகிற பீரு இது இல்ல, ஆலைய விட்டு கிளம்புன நாளுதான் அதோட நல்ல நாளு. அதனால கேன் அடில அச்சடிச்ச தேதியப் பாருங்க, ரெண்டு பிராண்ட் நடுவுல குழப்பமா இருந்தா புதுசா இருக்கறத எடுங்க, பேர மறந்துடுங்க. மலிவு பீருக்கு இதுல ஒரு வசதி இருக்கு, வேகமா வித்துத் தீரும், அதனால அலமாரில தூசி படிஞ்சு நிக்கற ஃபேன்சி பாட்டில விட அடித்தட்டு கேன் பல சமயம் ஃப்ரெஷ்ஷா இருக்கும். தள்ளுபடில பெட்டியோட விக்கறானேன்னு பாஞ்சு எடுக்கறதுக்கு முன்னாடியும் தேதி பாருங்க, கெடு நெருங்குனதுங்கதான் பெரும்பாலும் அந்த பெட்டில வரும், ஒரு வாரத்துல தீக்கறதுன்னா சரி, தீக்க முடியாதுன்னா அந்த மிச்சம் மிச்சமே இல்ல.

கேன்ல குடிச்சா தகர ருசின்னு சிலர் சொல்வாங்க. கேன் உள்பக்கம் பூச்சு இருக்கு, பீரு உலோகத்தத் தொடறதே இல்ல, உதட்டுல படற விளிம்புதான் அந்த உணர்வு. கிளாஸ்ல ஊத்திக் குடிங்க, தீந்துச்சு. பீர் கேன் முதமுதலா கடைக்கு வந்ததே 1935 ஜனவரி 24ல, வர்ஜீனியா ரிச்மண்ட்ல, க்ரூகர் கம்பெனி. அது அமெரிக்காவோட பெருமந்தக் காலம். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1933ல, நாலுல ஒருத்தருக்கு வேலை இல்லாத நேரத்துல, மதுவிலக்க முழுசா எடுக்கறதுக்கு முன்னாடியே ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டு ஏப்ரல் 7லேருந்து எடை கணக்குல 3.2 சதவீதம் ஆல்கஹால் இருக்கற பீருக்கு மட்டும் அனுமதி குடுத்தாங்க. அரசாங்கத்துக்கு வரி வேணும், ஆலை ஆளுங்களுக்கு வேலை வேணும், ஜனங்களுக்கு ஒரு கிளாஸ் பீரு வேணும். லேசான பீருக்கும் கஷ்ட காலத்துக்கும் இப்டி ஒரு பழைய உறவு இருக்கு. 1970கள் கடைசில விலைவாசி கன்னாபின்னான்னு ஏறுனப்போ அதே நாட்டுல பிராண்ட் பேரே இல்லாம வெள்ளை கேன்ல பீருன்னு மட்டும் அச்சடிச்சு வித்தாங்க, விளம்பரக் காசு எல்லாத்தையும் கழிச்சுட்டு.

ஜப்பான்காரங்க பண்ணது இன்னும் ஒரு படி மேல. அங்க அப்போ பீருக்கு வரி மால்ட் அளவ வெச்சு. அதனால 1994ல சன்டோரி கம்பெனி மால்ட கொறைச்சு 65 சதவீதத்துல ஒண்ணு எறக்குனாங்க, அந்த வகைக்கு ஹாப்போஷுன்னு பேரு, அன்னைக்கு சட்டப்படி அது பீரே இல்ல, வரி கம்மி. அரசாங்கம் விதிய மாத்துச்சு, இவங்க மால்ட 25 சதவீதத்துக்கும் கீழ எறக்குனாங்க. திரும்ப விதி மாறுச்சு, இவங்க மால்ட்டே இல்லாம பட்டாணி புரோட்டீன், சோயா புரோட்டீன்ல புளிக்க வெச்சு மூணாவது வகைன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, 2004ல சப்போரோ கம்பெனியோட ட்ராஃப்ட் ஒன் நாடு முழுக்க வந்துச்சு. பொருளாதாரம் வருஷக்கணக்குல தேங்கிக் கிடந்த நாடு, ஜனங்க இதத்தான் குடிச்சாங்க. ருசி பத்தி என் கருத்து, ஹாப்போஷு நல்லா இருக்கு, மெல்லிசு, முடிவு கத்தி மாதிரி சுத்தம், வேலை முடிஞ்சு வந்து முதல் கிளாஸா நல்லா பொருந்தும். மூணாவது வகை எனக்குப் பிடிக்கல, வாய்ல வர்றப்போ பீரு மாதிரி இருந்துட்டு நடுவுல காணாமப் போயிடுது, கடைசில ஒரு செயற்கையான இனிப்பு மட்டும் நிக்குது. 2020 அக்டோபர்ல ஆரம்பிச்சு படிப்படியா இந்த வரி வித்தியாசத்த கொறைச்சுக்கிட்டு வந்து 2026 அக்டோபர்ல எல்லாத்துக்கும் ஒரே வரின்னு முடிவு பண்ணியிருக்காங்க, அப்புறம் மூணாவது வகைய வாங்கறதுக்கு எனக்கு ஒரு காரணமும் தெரியல.

காசு கம்மியா இருக்கறப்போ எல்லாரும் விழற பள்ளம் ஒண்ணு இருக்கு, அதச் சொல்லாம இந்த ரிவ்யூ முழுசாகாது. மலிவு ஸ்ட்ராங் பீர். “இதே காசுக்கு கிக்கு டபுள்”னு கணக்கு போட்டு அத எடுக்கறாங்க. கணக்கு சரிதான், 355 மில்லி 5 சதவீத கேன்ல ஆல்கஹால் 14 கிராம், 500 மில்லி 8 சதவீதத்துல கிட்டத்தட்ட 32 கிராம், ரெண்டு கேனுக்கு மேல. ஆனா நீங்க வாங்க வந்தது என்ன? கிக்கு வேணும்னா அது வேற ரிவ்யூ, வேற ஆளு எழுதட்டும். மலிவு ஸ்ட்ராங்குல ஆல்கஹால ஏத்தறதுக்கு சர்க்கரை, சிரப்னு கொட்டி சூடா வேகமா புளிக்க வெச்சா நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாசம், தொண்டை எரியற சூடு, நாக்குல பிசுபிசுப்பு. முதல் மூணு வாய்க்கப்புறம் ரசிக்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது, முடிக்கறதுக்குத்தான் குடிக்கணும். அதுவும் மனசு பாரமா இருக்கற காலத்துல ஒரே கேன்ல ரெண்டு கேன் அளவு உள்ள போறது நல்லதே இல்ல, போதை எறங்குன பிறகு கவலை கொஞ்சம் கூடத்தான் நிக்கும், தூக்கமும் கெடும், மறுநாள் வேலை தேடப் போறவனுக்கு இந்த ரெண்டும் ஆகாது. லேசான லாகரோட பெரிய குணமே இதுதான், மெதுவா ஒரு மணி நேரம் ஒரே கிளாஸ வெச்சுக்கிட்டு பேசலாம், தலை தெளிவா இருக்கும்.

அதே மூச்சுல இன்னொண்ணு. மலிவா இருக்குன்னு எண்ணிக்கைய ஏத்திட்டா மலிவே கிடையாது. வாரத்துல ஒரு நாள் நல்ல பீர் ரெண்டு குடிச்சவரு மலிவுக்கு மாறி தினம் நாலு குடிச்சா பர்ஸும் காலி, ஒடம்பும் காலி. கேன் ஒண்ணுக்கு சுமார் 150 கலோரி, லைட்டா இருந்தா 100 பக்கம், அதுவும் சேரும். வாடகைக்கே இழுபறின்னா, இல்ல கவலைய மறக்கத்தான் குடிக்கறோம்னு உள்ள ஒரு குரல் சொல்லுதுன்னா இப்போதைக்கு இத வாங்காதீங்க, அலமாரி எங்கயும் ஓடிடாது. ஏற்கனவே விட்டவங்க திரும்ப ஆரம்பிக்க மலிவுங்கறது ஒரு காரணமே இல்ல.

குடிக்கற விதம் பத்தி சுருக்கமா. ஐஸ்கட்டி மாதிரி ஆக்காதீங்க, உறையற குளிர்ல நாக்கு மரத்துப்போய் ஒண்ணும் தெரியாது, ஃபிரிட்ஜ் குளிர் 4லேருந்து 7 டிகிரி போதும். ஃப்ரீசர்ல வெச்ச கிளாஸும் வேணாம், ஓரத்துல இருக்கற ஐஸ் கரைஞ்சு ஏற்கனவே லேசான பீர இன்னும் நீர்த்துப்போக வைக்கும். கிளாஸ்ல சோப்போ எண்ணெப் பிசுக்கோ இருந்தா நுரை உடனே செத்துடும், பச்சத்தண்ணில நல்லா அலசிட்டு ஈரத்தோடயே ஊத்துங்க, கொஞ்சம் உயரத்துலேருந்து நடுவுல ஊத்துனா நுரை எழும்பி காஸ் கொஞ்சம் போகும், வயிறும் உப்பாது, வாசமும் வெளிய வரும். சீப் பீருக்கு எதுக்கு இவ்ளோ மரியாதைன்னு கேக்கலாம், அந்த வாரத்துல உங்களுக்கு இருக்கற ஒரே சின்ன சந்தோஷம் அதுதான்னா மரியாதை அதுக்குத்தான் முதல்ல வேணும். கூட கொறிக்க உப்பா ஏதாவது இருந்தா போதும், உப்பு கசப்ப அமுக்கி மால்ட் இனிப்ப தூக்கிக் குடுக்கும்.

யாருக்கு எதுன்னு கேட்டா, கசப்பும் ரொட்டி வாசமும் பிடிச்சவங்க ஓட்டிங்கர் பில்ஸ் கிடைச்சா கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம், என் வரிசைல அதுக்குத்தான் முதல் எடம், 5க்கு 4. துள்ளலும் லேசான இனிப்பும் வேணும்னா மில்லர் ஹை லைஃப், அது மூணரை. நண்பர்களோட உக்காந்து நீளமா பேசறதுக்கு பாப்ஸ்ட், அதுக்கும் மூணரை. ஹாப்போஷுவுக்கு மூணு. நேச்சுரல் லைட்டுக்கு ரெண்டு, அதுவும் தாகத்துக்காக. இதுல எதுவும் உங்க பக்கம் கிடைக்கலன்னா கவலைப்படாதீங்க, எந்த ஊரு அலமாரியா இருந்தாலும் அடித்தட்டுல 5 சதவீதத்துக்குள்ள, கேன்ல, புதுத் தேதில ஒரு லாகர் இருக்கும். ஒண்ணே ஒண்ணு வாங்கி, திறந்ததும் பச்சை ஆப்பிள், வெண்ணெய், அட்டைப்பெட்டி இந்த மூணும் அடிக்குதான்னு மோந்து பாருங்க. அடிக்கலன்னா அடுத்த தடவை அதையே எடுத்துக்கலாம்.